வயிற்று வலி என்று சொல்லும் பிள்ளைகள்

ஞாயிற்றுக்கிழமை இரவு ஒன்பதரை மணியானால் என் அக்கா மகளுக்கு வயிறு வலிக்க ஆரம்பித்துவிடும். அப்போது அவள் உயர்நிலை மூன்றில் படித்துக்கொண்டிருந்தாள். செங்காங்கில் அவர்கள் வீட்டு வரவேற்பறையில் அக்கா மறுநாளைக்கான சீருடையை இஸ்திரி போட்டுக்கொண்டிருப்பார். சமையலறையில் எங்கள் அம்மா ஓமத் தண்ணி கொதிக்க வைப்பார். கண் பட்டிருக்கும் என்று உப்பையும் மிளகாயையும் சுற்றிப் போட்ட வாரங்களும் உண்டு. பலதுறை மருந்தகத்துக்கு இரண்டு முறை போய் வந்தார்கள். வயிற்றில் எந்தக் கோளாறும் இல்லை. செவ்வாய்க்கிழமைக்குள் வலி போய்விடும், அடுத்த ஞாயிறு திரும்ப வந்துவிடும்.

ஐந்தாறு மாதம் இப்படியே போனது. ஒருநாள் புளோக்கின் கீழே கல் மேசையில் உட்கார்ந்து மைலோ குடித்துக்கொண்டிருந்தபோது, நான் கேட்காமலே அவள் சொன்னாள். "சித்தி, வயிறு வலிக்குதுன்னு சொன்னா அம்மாவுக்குப் புரியும். பயமா இருக்குன்னு சொன்னா எதுக்குன்னு கேப்பாங்க. எதுக்குன்னு எனக்கே தெரியாது."

சிங்கப்பூரில் சிறார், இளையர் மனநலம் பற்றி வந்த ஆய்வுகளை அதற்குப் பிறகுதான் உட்கார்ந்து படிக்கத் தொடங்கினேன். நான் மருத்துவர் இல்லை. ஆனால் அந்த எண்களுக்குள் எங்கள் வீட்டு ஞாயிற்றுக்கிழமை இருந்தது. உங்கள் வீட்டுக்கும் அது பொருந்தலாம் என்பதால் எழுதுகிறேன்.

முதலில் எல்லாரும் கேள்விப்பட்ட ஆய்வு. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் மருத்துவப் பேராசிரியர் ஜான் வோங் தலைமையிலான குழு 10 முதல் 18 வயது வரையுள்ள 3,336 பேரிடம் நடத்திய ஆய்வின் முடிவுகள் 2023 ஏப்ரலில் வெளிவந்தன. ஏறத்தாழ மூன்றில் ஒருவர் சோகம், பதற்றம், தனிமை போன்ற அறிகுறிகள் தமக்கு இருப்பதாகச் சொன்னார்கள். ஆறில் ஒருவரிடம் அடங்காத துடிப்பு, விதிகளை மீறுவது, சண்டைக்குப் போவது போன்ற அறிகுறிகள் இருந்தன. மருத்துவ வரையறைப்படி 'கோளாறு' என்று சொல்லக்கூடிய நிலையில் இருந்தவர்கள் ஏறத்தாழ 12 விழுக்காடு.

அப்போது வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றியதெல்லாம் 'மூன்றில் ஒரு பிள்ளைக்கு மனநோய்' என்ற வரிதான். அது தவறு. அறிகுறி வேறு, கோளாறு வேறு. தேர்வுக்கு முதல் வாரம் தூக்கம் வராமல் புரள்வது அறிகுறி. அதே நிலை வாரக்கணக்கில் நீடித்து, பள்ளிக்குப் போவதையும் சாப்பாட்டையும் நண்பர்களோடு பேசுவதையும் கெடுக்கும்போதுதான் கோளாறு என்ற சொல் வரும். மூன்றில் ஒருவர் என்ற எண்ணைக் கண்டு பதற வேண்டாம். ஆனால் 12 விழுக்காடு என்பதைச் சின்ன எண்ணாக எடுத்துக்கொள்ளவும் கூடாது. நாற்பது பேர் இருக்கும் வகுப்பறையில் அது நாலைந்து பிள்ளைகள்.

அடுத்த ஆண்டு, 2024 செப்டம்பரில், அரசு மனநல மருத்துவமனையான மனநலக் கழகத்தின் தேசிய இளையர் மனநல ஆய்வு வந்தது. அதிலும் 30.6 விழுக்காடு, அதாவது ஏறத்தாழ மூன்றில் ஒருவர். உடனே இரண்டையும் ஒன்றாகப் போட்டுப் பேசத் தொடங்கிவிட்டோம். இந்த ஆய்வு 15 முதல் 35 வயது வரை உள்ளவர்களைப் பற்றியது. பணிக்குப் போகிறவர்களும் பிள்ளை பெற்றவர்களும்கூட அதில் உண்டு. மனச்சோர்வு, பதற்றம், மனஉளைச்சல் ஆகிய மூன்றில் ஏதாவது ஒன்று கடுமையாகவோ மிகக் கடுமையாகவோ இருப்பதாகச் சொன்னவர்களின் கணக்கு அது. தனித்தனியே பார்த்தால் பதற்றம் 27 விழுக்காடு, மனச்சோர்வு 14.9, மனஉளைச்சல் 12.9. 21 கேள்விகள் உள்ள ஒரு படிவத்தை வைத்து அளந்தார்கள். கடந்த ஒரு வாரம் எப்படி இருந்தது என்று கேட்கும் படிவம் அது. காய்ச்சலைத் தெர்மாமீட்டர் காட்டுகிற மாதிரி இந்த வாரத்துச் சூட்டை அது காட்டும். சூடு எதனால் என்பதை அது சொல்லாது.

சரி, இப்போது என்னைத் தூங்கவிடாத எண்ணுக்கு வருகிறேன். 2023 ஆய்வில் பெற்றோரையும் கேட்டிருந்தார்கள். மனநலச் சிக்கல் இருந்த பிள்ளைகளின் பெற்றோரில், அதைச் சரியாக அடையாளம் கண்டவர்கள் ஏறத்தாழ 10 விழுக்காடுதான். பத்துக் குடும்பத்தில் ஒன்பதில், பிள்ளை தவிப்பது ஒரே கூரையின் கீழ் இருக்கும் அப்பா அம்மாவுக்குத் தெரியவில்லை.

இதைப் படித்ததும் பெற்றோரைக் குறை சொல்லத் தோன்றும். வேலை வேலை என்று ஓடுகிறார்கள், கைப்பேசியையே பார்க்கிறார்கள் என்று சொல்லிவிடலாம். ஆனால் ஆய்வுலகம் இதை வேறு விதமாகப் பார்க்கிறது. அமெரிக்க உளவியலாளர் தாமஸ் அக்கன்பாக் தம் சக ஆய்வாளர்களோடு சேர்ந்து 1987இல் 119 ஆய்வுகளை ஒன்றாகத் தொகுத்துப் பார்த்தார். ஒரே பிள்ளையைப் பற்றி வெவ்வேறு ஆட்கள் சொல்வது எவ்வளவு ஒத்துப்போகிறது என்பதுதான் கேள்வி. முழுக்க ஒத்துப்போனால் 1, சம்பந்தமே இல்லாவிட்டால் 0 என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்பாவும் அம்மாவும் போல ஒரே நிலையில் இருக்கும் இருவர் சொல்வது சராசரியாக 0.60 அளவுக்கு ஒத்துப்போனது. பெற்றோரும் ஆசிரியரும் போல வெவ்வேறு இடத்தில் பிள்ளையைப் பார்ப்பவர்களிடையே அது 0.28. பிள்ளை தன்னைப் பற்றிச் சொல்வதையும் மற்றவர்கள் அந்தப் பிள்ளையைப் பற்றிச் சொல்வதையும் ஒப்பிட்டால் 0.22. இதில் சிங்கப்பூர்ப் பெற்றோருக்கு மட்டும் உரிய குறை எதுவும் இல்லை. கிட்டத்தட்ட நாற்பது வருடத்துக்கு முன்பே தெரிந்த விஷயம் இது.

ஏன் இப்படி? அடிதடி, எதிர்த்துப் பேசுவது, வகுப்பை விட்டு ஓடுவது எல்லாம் கண்ணுக்குத் தெரியும். பள்ளியிலிருந்து தொலைபேசி வந்துவிடும். உள்ளுக்குள் நடப்பது அப்படி வெளியே வராது. பயப்படும் பிள்ளை பெரும்பாலும் சமர்த்துப் பிள்ளையாகத்தான் தெரியும். வீட்டுப்பாடத்தை மூன்று முறை சரிபார்க்கும், யாரோடும் வம்புக்குப் போகாது, அறைக் கதவைச் சாத்திக்கொண்டு 'படிக்கும்'. எங்கள் அக்கா மகளைப் பற்றி உறவுக்காரர்கள் எல்லாரும் சொன்னது அதுதான்: "ரொம்ப அமைதியான பொண்ணு." நம் வீடுகளில் அமைதி என்பது பாராட்டு. அந்தப் பாராட்டுக்குப் பின்னால் ஒரு பிள்ளை ஒளிந்துகொள்வது மிக எளிது.

மொழியையும் சொல்ல வேண்டும். இங்கே தமிழ்ப் பிள்ளைகள் பலருக்கு மனதைப் பற்றிய சொற்கள் ஆங்கிலத்தில் இருக்கின்றன. பள்ளியில் கற்றது, நண்பர்களோடு பேசுவது எல்லாம் அதில்தான். வீட்டிலோ தாத்தா பாட்டியோடு தமிழ், அப்பா அம்மாவோடு பாதிப் பாதி. 'ஸ்ட்ரெஸ்' என்ற சொல் வீட்டுக்குள் வரும்போது அதன் எடை குறைந்துவிடுகிறது. "எங்க காலத்துல இல்லாத ஸ்ட்ரெஸ்ஸா?" என்று ஒரே வரியில் முடிந்துவிடும். தமிழில் 'மனசு சரியில்ல' என்றால் 'என்ன நடந்துச்சு?' என்ற கேள்வி வரும். பதற்றத்துக்குப் பெரும்பாலும் 'நடந்தது' என்று காட்ட ஒன்றும் இருக்காது. ஆனால் தலைவலி, வயிற்று வலி, மயக்கம் என்றால் வீடே எழுந்து நிற்கும். பிள்ளை நடிக்கிறது என்று இதற்கு அர்த்தமில்லை. பதற்றம் உள்ள பிள்ளைகளுக்கு வயிறும் தலையும் உண்மையாகவே வலிக்கும். மருத்துவம் அறிந்த உண்மை இது. பல வலிகளில் எதைச் சொன்னால் வீட்டில் காது கொடுப்பார்கள் என்பதைப் பிள்ளை தானாகவே கற்றுக்கொள்கிறது. என் அக்கா மகள் மைலோ கோப்பையைச் சுழற்றிக்கொண்டே சொன்னது இதைத்தான்.

காரணம் என்ன என்று கேட்டால் எல்லாரும் முதலில் தேர்வைக் காட்டுகிறார்கள். அதில் உண்மை இருக்கிறது. 15 வயது மாணவர்களிடம் 2015இல் நடந்த பீசா அனைத்துலக ஆய்வில், நன்றாகத் தயாராகியிருந்தாலும் சோதனைக்கு முன் மிகவும் பதற்றமாக உணர்வதாகச் சொன்ன சிங்கப்பூர் மாணவர்கள் 76 விழுக்காடு. பெரும்பாலும் வளர்ந்த நாடுகளைக் கொண்ட ஓஇசிடி அமைப்பின் சராசரி 55. 2023ஆம் ஆண்டுக் குடும்பச் செலவினக் கணக்கின்படி இந்நாட்டுக் குடும்பங்கள் துணைப்பாட வகுப்புகளுக்குச் செலவிட்டது ஓராண்டில் 1.8 பில்லியன் வெள்ளி. கல்வி அமைச்சும் சும்மா இருக்கவில்லை. தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வான பிஎஸ்எல்இயின் மதிப்பெண் முறை 2021இல் மாறியது. 2023க்குள் எல்லாத் தொடக்க, உயர்நிலை வகுப்புகளிலும் அரையாண்டுத் தேர்வு போய்விட்டது. ஆனாலும் அரையாண்டுத் தேர்வு போன இடத்தில் டியூஷன் நிலையங்கள் தாங்களே மாதிரித் தேர்வு வைப்பதைப் பார்க்கிறோம். எல்லாவற்றையும் தேர்வின் தலையில் கட்டுவதும் சரியில்லை. மனநலக் கழக ஆய்வு வேறு மூன்றைச் சுட்டியது: சமூக ஊடகத்தில் ஒரு நாளைக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் இருப்பது, இணையத்தில் கேலி கிண்டலுக்கு ஆளாவது, உடல் தோற்றம் பற்றிய கவலை. இணையத் துன்புறுத்தலுக்கு ஆளானவர்கள் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர். கறுப்பு, குண்டு, ஒல்லி என்று கல்யாண வீட்டில்கூடச் சிரித்துக்கொண்டே சொல்லிவிடுகிற நாம், அந்த மூன்றாவது காரணத்தைப் படிக்கும்போது கொஞ்சம் நின்று படிக்க வேண்டும்.

ஒரே நேரத்தில் எடுத்த கணக்கில் ஒரு குறை உண்டு. கைப்பேசியில் அதிக நேரம் இருப்பதால் மனம் சோர்கிறதா, மனம் சோர்ந்த பிள்ளைதான் கைப்பேசிக்குள் போய் ஒளிகிறதா என்று அதிலிருந்து பிரிக்க முடியாது. அதற்கு ஒரே பிள்ளையை வருடக்கணக்கில் பின்தொடர வேண்டும். அப்படி ஓர் ஆய்வு நம் ஊரிலேயே நடக்கிறது. கஸ்டோ என்று அதற்குப் பெயர். 2009இல் கேகே மகளிர், சிறார் மருத்துவமனையிலும் தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனையிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கர்ப்பிணிகளைச் சேர்த்துத் தொடங்கினார்கள். சீன, மலாய், இந்தியக் குடும்பங்கள் மூன்றும் அதில் உண்டு. அன்று வயிற்றில் இருந்த பிள்ளைகள் இப்போது பதின்ம வயதில் இருக்கிறார்கள்.

கஸ்டோ சொன்னதில் எனக்கு முக்கியமாகப் படுவது, கதை பிள்ளையோடு தொடங்குவதில்லை என்பது. கர்ப்ப காலத்தில் தாய்க்கு இருந்த மனச்சோர்வு அறிகுறிகளுக்கும், பிறந்த குழந்தையின் மூளையில் பயத்தையும் உணர்ச்சியையும் கையாளும் ஒரு சிறு பகுதியின் நுண்ணமைப்புக்கும் தொடர்பு இருப்பதை 2013இல் வந்த கட்டுரை காட்டியது. இதைத் தாய்மார்கள் மேல் போடும் பழியாகப் படிக்கக் கூடாது. கர்ப்பிணிக்கு இரும்புச்சத்து மாத்திரை கொடுப்பது போல, 'மனசு எப்படிம்மா இருக்கு?' என்று கேட்பதும் பிள்ளைக்கான மருத்துவம்தான் என்று படிக்க வேண்டும். வளைகாப்புக்கு வளையல் வாங்கித் தரும் சொந்தங்கள் அத்தனை பேரில் இதைக் கேட்பவர் எத்தனை பேர்?

திரையைப் பற்றியும் கஸ்டோ பேசியது. ஒரு வயதில் அதிக நேரம் திரை பார்த்த குழந்தைகளின் மூளை அலைகளில் வேறுபாடு இருந்தது, ஒன்பது வயதில் கவனத்தை நிறுத்துவது, திட்டமிட்டுச் செய்வது போன்ற திறன்களில் அது தெரிந்தது என்று 437 குழந்தைகளை வைத்து நடந்த ஆய்வு 2023இல் சொன்னது. அப்புறம் 2024இல் வந்தது இன்னொன்று. மூன்று வயதில் பெற்றோர் அடிக்கடி சேர்ந்து புத்தகம் படித்த பிள்ளைகளிடம், சிறு வயதுத் திரை நேரத்தோடு சேர்ந்து வந்த அந்த மூளை மாற்றங்களின் தொடர்பு பலவீனமாக இருந்தது. நூலகத்தில் தமிழ்ச் சிறுவர் நூல் அடுக்குக்கு முன்னால், தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்து, பேரனை மடியில் வைத்துக்கொண்டு ஒரு தாத்தா யானைப் படத்தைக் காட்டி 'இது என்ன சொல்லு' என்று கேட்பதைப் பார்த்திருக்கிறேன். அவருக்குக் கஸ்டோ தெரிந்திருக்காது. பேரன் பதில் சொல்லும்வரை அவர் காத்திருந்தார். அந்தக் காத்திருப்பைத்தான் நான் மறக்கவில்லை. சுகாதார அமைச்சின் இப்போதைய வழிகாட்டியும் 18 மாதம் வரை திரையே வேண்டாம் என்கிறது. 7 முதல் 12 வயது வரை பள்ளி வேலை தவிர நாளுக்கு இரண்டு மணி நேரத்துக்குள் இருக்க வேண்டும்.

நம் தமிழ்ப் பிள்ளைகளைப் பற்றித் தனியாக என்ன தெரியும் என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. குடியிருப்பாளர்களில் இந்தியர் ஏறத்தாழ 9 விழுக்காடு. 3,336 பேரில் விகிதப்படி எடுத்தால் முந்நூறு பேர். அதில் 12 விழுக்காடு என்றால் 36 பிள்ளைகள். ஆண், பெண், சின்ன வயது, பெரிய வயது என்று நான்காகப் பிரித்தால் ஒவ்வொரு கட்டத்திலும் பத்துப் பேர் தேற மாட்டார்கள். அந்த 36 பேரிலும் தமிழர் அல்லாதவர்கள் இருப்பார்கள். இவ்வளவு சிறிய எண்ணை வைத்துத் 'தமிழ்ப் பிள்ளைகள் இப்படி' என்று எதையும் சொல்ல முடியாது. பெரியவர்களுக்கான சிங்கப்பூர் மனநல ஆய்வு 2010இலும் 2016இலும் நடந்தபோது பேட்டிகள் ஆங்கிலம், சீனம், மலாய் ஆகிய மொழிகளில் எடுக்கப்பட்டன. தமிழில் மட்டுமே மனம் திறக்கக்கூடிய ஒரு பாட்டியோ, ஊரிலிருந்து திருமணமாகி வந்த ஓர் அம்மாவோ அந்தக் கணக்குக்குள் வருவது கடினம். வீட்டில் பிள்ளையோடு அதிக நேரம் இருப்பது பெரும்பாலும் அவர்கள்தான். தமிழ்க் குடும்பங்களை மட்டும் போதுமான எண்ணிக்கையில் எடுத்து, தமிழிலேயே பேசி, ஓர் ஆய்வு நடக்க வேண்டும். இதை நான் அழுத்தமாகவே கேட்கிறேன்.

தாமதம் ஏன் ஆபத்து என்பதற்கும் கணக்கு இருக்கிறது. வாழ்நாளில் வரும் மனநலக் கோளாறுகளில் பாதி 14 வயதுக்குள்ளும், முக்கால்வாசி 24 வயதுக்குள்ளும் தொடங்கிவிடுகின்றன என்று 2005இல் அமெரிக்காவில் வெளியான பெரிய ஆய்வு சொன்னது. சிங்கப்பூரின் 2016 ஆய்வில், எண்ணச் சுழற்சி நோய் (ஓசிடி) வந்தவர்கள் உதவி நாடுவதற்கு எடுத்துக்கொண்ட காலத்தின் இடைநிலை 11 ஆண்டுகள். கையை மீண்டும் மீண்டும் கழுவும் ஒரு 14 வயதுப் பையன், வேலைக்குச் சேர்ந்து கல்யாண வயதும் வந்த பிறகுதான் மருத்துவரைப் பார்க்கிறான் என்று அதற்குப் பொருள். சிங்கப்பூரில் 10 முதல் 29 வயது வரை உள்ளவர்களின் மரணங்களில் தற்கொலைதான் முதல் காரணமாக இருந்துவருகிறது. இதைவிட வெளிப்படையாக இதை எழுத எனக்குத் தெரியவில்லை.

இவ்வளவு இருந்தும் தயங்குவது எதற்கு? பழைய தலைமுறைக்கு 'உட்பிரிட்ஜ்' என்ற ஒரு சொல் போதும். 1928இல் இயோ சூ காங்கில் தொடங்கிய மனநோய் மருத்துவமனைக்கு 1951இல் வைத்த பெயர் அது. மனநலக் கழகமாக அது புவாங்கோக்குக்கு மாறி முப்பது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. ஆனால் 'அங்க கொண்டு போய் விட்டுடுவேன்' என்று பிள்ளையை மிரட்டிய வார்த்தை இன்னும் பெரியவர்களின் வாயில் இருக்கிறது. நாளைக்கு வேலை கிடைக்குமா என்ற பயமும் உண்டு. வேலை விண்ணப்பத்தில் மனநலம் பற்றிக் கேட்கக் கூடாது என்று அரசாங்கம், முதலாளிகள், தொழிற்சங்கம் சேர்ந்து வகுத்த முத்தரப்பு வழிகாட்டி 2020 ஜனவரியில் திருத்தப்பட்டது பலருக்குத் தெரியவில்லை. அதே மாதம் முதல் தேதியிலிருந்து தற்கொலை முயற்சியும் குற்றமாகக் கருதப்படுவதில்லை. உதவி கேட்டால் போலிஸ் வருமோ என்று நடுங்க வேண்டியதில்லை.

நடைமுறையில் முதல் படி புவாங்கோக்காக இருக்க வேண்டியதில்லை. பள்ளி ஆலோசகரிடம் பேசலாம். தேவைப்பட்டால் அவர் 2007 முதல் இயங்கும் 'ரீச்' குழுவை அழைப்பார். மனநல நிபுணர்கள், சமூக சேவையாளர்கள் கொண்ட அந்தக் குழு பள்ளிகளோடு சேர்ந்து பிள்ளைக்கு உதவுகிறது. 16 முதல் 30 வயது வரை உள்ளவர்களுக்கு 2009 முதல் 'சாட்' என்ற மனநல உதவிச் சேவை இருக்கிறது. தேசிய மனநல உதவி எண்ணான 1771ஐ 24 மணி நேரமும் அழைக்கலாம், 2025 ஜூனில் தொடங்கியது. உயிர் ஆபத்து என்ற நினைப்பு வந்துவிட்டால், தற்கொலைத் தடுப்பு அமைப்பான எஸ்ஓஎஸ்ஸின் 1767. குடும்பத்தோடு தமிழில் பேச வேண்டுமென்றால் சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கமான சிண்டாவின் குடும்ப சேவை நிலையம்.

எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். அக்கா முதலில் கோபப்பட்டார். "எங்கிட்ட சொல்லாம உங்கிட்ட ஏன் சொன்னா?" என்று என்னிடம் கேட்டார். அந்தக் கோபத்துக்குள் இருந்தது வேதனை. ஒரு குடும்ப மருத்துவர் 'வயசுக் கோளாறு, சரியாயிடும்' என்று அனுப்பிவிட்டதும் அதே மாதத்தில்தான். பிறகு அக்காவே பள்ளி ஆலோசகருக்கு எழுதினார். ஆலோசகர் முதலில் செய்தது, ஞாயிறு இரவு என்னென்ன நினைப்பு வருகிறது என்று மகளை ஒரு சின்ன நோட்டில் எழுதச் சொன்னது. ஆங்கிலமும் தமிழும் கலந்து எழுதினாள். இரண்டு வாரம் கழித்து அவளே ஒரு பக்கத்தை அம்மாவிடம் காட்டினாள். கணக்குச் சோதனை அதில் ஐந்தாவது வரியில்தான் இருந்தது. முதல் நான்கு வரியும் காலையில் வகுப்பறைக்குள் நுழையும்போது யார் பக்கத்தில் உட்காருவது என்பதைப் பற்றியவை.

இப்போது உயர்நிலை நான்கு. ஆலோசகரை மாதம் ஒரு முறை பார்க்கிறாள். போன மாதம் ஒரு ஞாயிறு நான் அங்கே இருந்தேன். ஒன்பதரை மணிக்கு வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்து சோபாவில் சாய்ந்தாள். அக்கா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுப் பக்கத்தில் போய் உட்கார்ந்தார், ஒன்றும் கேட்கவில்லை. மகள் அம்மாவின் தோளில் தலையை வைத்துக்கொண்டு சொன்னாள்: "இது அது இல்லம்மா. மத்தியானம் அந்த மட்டன் பிரியாணி." சமையலறையில் எங்கள் அம்மா ஓமம் டப்பாவைத் திறக்கும் சத்தம் கேட்டது.